கட்டளைக்குக் காத்திராத கால்கள்

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. ஜப்பானின் வடகிழக்குக் கரையில் உள்ள கமாயிஷி என்ற துறைமுக நகரில், ஒரு தொடக்கப் பள்ளி அன்று சீக்கிரமே விட்டுவிட்டது. அந்தப் பள்ளியில் 184 பிள்ளைகள். பெரும்பாலோர் வீடு திரும்பியிருந்தார்கள். சிலர் கடலோரம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள், சிலர் நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள், சிலர் பாட்டியோடு வீட்டில் இருந்தார்கள். பிற்பகல் 2.46க்கு, 9.0 அளவிலான நிலநடுக்கம் அந்தக் கரையைக் குலுக்கியது. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் கடல் நகருக்குள் ஏறியது. கமாயிஷியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அந்தப் பள்ளியின் 184 பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

இதில் என்னை இன்றுவரை விடாமல் பிடித்திருப்பது ஒன்றுதான். அந்த நேரத்தில் அவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில் ஆசிரியர் இல்லை. வரிசையில் நிறுத்தவோ விசில் ஊதவோ, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கைகாட்டவோ ஆள் இல்லை. எட்டு வயதும் பத்து வயதுமான பிள்ளைகள் தாங்களாகவே முடிவெடுத்தார்கள். வர மறுத்த பெரியவர்களை அழுது இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறியவர்கள் உண்டு. தம்பியோடு தனியாக வீட்டில் இருந்த ஒரு சிறுவன், வெளியே ஏற்கெனவே தண்ணீர் ஓடுவதைக் கண்டு, “ஓடலாம்” என்று துடித்த தம்பியைத் தடுத்து, மாடிக்குக் கூட்டிப்போனான். ஓடக் கற்றிருந்த பிள்ளை, ஓடக்கூடாத நேரத்தையும் கண்டுகொண்டது. மனப்பாடப் பயிற்சி இதைத் தராது.

அப்படியானால் அவர்களுக்கு யார், எதை, எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்?

அப்போது குன்மா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியராக இருந்த கதாதா தொஷிதாகா, பேரிடரின்போது மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்பவர். பேரிடருக்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் கமாயிஷிக்கு வந்துபோகத் தொடங்கினார். முதலில் பெரியவர்களுக்குத்தான் கூட்டம் போட்டார். வந்தவர்களே மீண்டும் வந்தார்கள். வராதவர்கள் வரவே இல்லை. பிறகு பள்ளிகளின் பக்கம் திரும்பினார். இன்றைய பிள்ளை பத்து ஆண்டில் பெரியவனாவான், இன்னொரு பத்து ஆண்டில் பெற்றோராவான். அதற்குள் ஊரின் பழக்கமே மாறிவிடும் என்பது அவர் கணக்கு. கமாயிஷி ஆசிரியர்கள் தனிப் பாடவேளைக்குக் காத்திராமல், இருக்கிற பாடங்களுக்குள்ளேயே சுனாமியைக் கொண்டுவந்தார்கள். கணக்கு வகுப்பில் அலையின் வேகம் ஒரு கணக்காக வந்தது.

அவருடைய வகுப்புகளில் ஒரு காட்சி உண்டு. எந்தெந்த இடங்கள் மூழ்கும் என்று நிறம் பூசிய வரைபடத்தைப் பிள்ளைகளிடம் கொடுப்பார். அவரவர் தம் வீட்டைத் தேடுவார்கள். நிறம் பூசாத பகுதியில் வீடு இருக்கும் பிள்ளைகள் மகிழ்ந்து கூவுவார்கள். அப்போது அவர் சொல்வார்: இந்த வரைபடத்தை நம்பாதீர்கள். இது முன்பு வந்த அலைகளை வைத்து வரைந்தது. அடுத்து வருவது இதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

அவர் பிள்ளைகளுக்குச் சொன்ன விதிகள் மூன்று. முன்கூட்டிய கணிப்புக்குள் அடைபட்டுவிடாதே. அந்தந்த நிலையில் உன்னால் முடிந்த மிகச் சிறந்ததைச் செய். எல்லோருக்கும் முன்னால் நீ கிளம்பு. முதல் விதியின் ஆழம் மெல்லத்தான் நமக்குப் பிடிபடுகிறது. அரசு அலுவலகம் அச்சிட்டுத் தந்த ஒரு தாளின் முன்னால் நின்றுகொண்டு, வகுப்பறையிலேயே, “இதைச் சந்தேகப்படு” என்று ஒரு குழந்தையிடம் சொல்வது எளிதல்ல. சந்தேகப்படும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று மனதார ஏற்ற சமூகத்தில்தான் அது நடக்கும்.

இரண்டாவது காட்சி வீட்டில் நடப்பது. நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டபோது பல பிள்ளைகள், அம்மா வரும்வரை காத்திருப்பேன் என்று எழுதினார்கள். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார் கதாதா. தாய்மார்கள் நடுங்கிப்போனார்கள். பிள்ளை அங்கே காத்திருக்கும், நான் அதைத் தேடிப் போவேன், அலை இருவரையும் அடித்துப்போகும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்தது. ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வேலை தரப்பட்டது: “நான் கட்டாயம் ஓடிவிடுவேன், நீயும் என்னைத் தேடாமல் ஓடிவிடு அம்மா” என்று அம்மா நம்பும்வரை சொல்லவேண்டும்.

அந்தக் கரையில் இதற்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: தெந்தென்கோ. அவரவர் தனித்தனியாக என்று பொருள். 1896இல் அங்கே அடித்த அலையில் ஏறத்தாழ 22,000 பேர் இறந்தார்கள்; 1933இல் வந்ததில் ஏறத்தாழ 3,000 பேர். ஒருவரை ஒருவர் தேடிப்போய்க் குடும்பம் குடும்பமாக மாண்ட நினைவிலிருந்து பிறந்தது அந்தச் சொல். அதைப் பரவலாக அறியச் செய்த வரலாற்றாசிரியர் யமஷிதா ஃபுமியோ, 1933 அலையைச் சிறுவனாகக் கண்டு பிழைத்தவர். கேட்ட மாத்திரத்தில் அது இரக்கமற்ற சொல்லாகத்தான் படும், தாயை விட்டுவிட்டு ஓடு என்பதுபோல. ஆனால் அதற்கு முன்நிபந்தனை ஒன்று உண்டு. அவள் ஓடியிருப்பாள் என்று எனக்கும், நான் ஓடியிருப்பேன் என்று அவளுக்கும் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண நாளில், சாப்பாட்டு நேரத்தில் பேசி முடித்திருந்தால்தான் அந்த உறுதி வரும். குடும்பப் பாசம் நமக்கு அதிகம், இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று தமிழர்கள் சொல்லக்கூடும். அந்த உரையாடல் நம் வீடுகளிலும் நடக்கவேண்டும் என்பதற்கு அந்தப் பாசமே எனக்குப் போதுமான காரணமாகத் தெரிகிறது.

கமாயிஷியின் வடக்குப் பகுதி உனொசுமாய். அங்கே ஒரு நடுநிலைப் பள்ளியும் இன்னொரு தொடக்கப் பள்ளியும் ஆற்றுமுகத்துக்கு அருகே பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டுமே வரைபடத்தில் நிறம் பூசாத இடத்தில் இருந்தவை. நிலம் குலுங்கியதும் மின்சாரம் போனது. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை மூன்றாம் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன்களும் அக்காக்களும் ஓடுவதைக் கண்டதும் அவர்களும் இறங்கிச் சேர்ந்துகொண்டார்கள். முன்பே இரு பள்ளிகளும் சேர்ந்து ஒத்திகை பார்த்திருந்ததால் பெரியவர்களின் கை சின்னவர்களின் கையைத் தானாகப் பிடித்தது. முதலில் போய் நின்ற இடத்தில், பின்னாலிருந்த மலைச்சரிவு சரிந்திருப்பதை உள்ளூர்க்காரர் ஒருவர் காட்டினார். மேலே போனார்கள். அங்கும் நில்லாமல் இன்னும் மேலே. முதலில் நின்ற இடத்தை அலை எடுத்துக்கொண்டது. ஓட்டத்தின் நடுவே மழலையர் பள்ளிக் குழந்தைகளின் தள்ளுவண்டிகளைத் தள்ளியவர்களும் அந்த மாணவர்களே. ஏறத்தாழ 570 பேர் மேட்டை அடைந்தார்கள். நகரம் முழுவதும் தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 3,000 பேர், இறந்தவர்கள் ஐவர். அவர்கள் அப்போது பள்ளியின் பொறுப்பில் இல்லாதவர்கள்.

நடுநிலைப் பள்ளியில் பேரிடருக்கு முன்பே நடந்த ஒரு சிறு காரியத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மாணவர்கள் வீடு வீடாகப் போய் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதைக் கதவில் மாட்டிவிட வேண்டும். உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். தேடி வருபவர் உள்ளே போய் நேரத்தையும் உயிரையும் இழக்கவேண்டாம். “காப்பாற்றப்படுபவன் நிலையிலிருந்து காப்பாற்றுபவன் நிலைக்கு” என்பதுதான் அந்தப் பள்ளியின் எண்ணம். பதின்மூன்று, பதினான்கு வயதுக்காரர்களிடம் ஊர் ஒரு வேலையை ஒப்படைத்தது. “எச்சரிக்கையாக இரு” என்ற அறிவுரை எந்த இளைஞனையும் அசைத்ததாக நான் கண்டதில்லை. ‘இது உன் பொறுப்பு’ என்ற நம்பிக்கையோ அவர்களை நிமிர்ந்து நிற்க வைக்கிறது.

அதே உனொசுமாயில்தான் நேர்மாறானதும் நடந்தது. அங்கே பேரிடர் தடுப்பு மையம் என்ற பெயரில் 2010இல் ஒரு கட்டடம் திறக்கப்பட்டது. அது சுனாமிக்கான உரிய புகலிடம் அல்ல. இருந்தது தாழ்வான இடத்தில். உரிய புகலிடம் மேட்டில் இருந்தது, முதியவர்களுக்கு ஏறிப்போவது சிரமம். ஆகவே ஒத்திகை நாட்களில் எளிதாக வந்து சேரும் இடமாக அந்த மையத்தைப் பயன்படுத்தினார்கள். பேரிடருக்கு எட்டு நாள் முன்புகூட அப்படியொரு ஒத்திகை நடந்தது. மார்ச் 11 அன்று மக்கள் பழகிய இடத்துக்கே போனார்கள். அங்கே 160 பேர் அளவில் இறந்ததாக நகர நிர்வாகத்தின் விசாரணை மதிப்பிட்டது. ஒத்திகையில் கலந்துகொள்பவர் எண்ணிக்கை கூடவேண்டும் என்று அதை எளிதாக்கியதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் மனிதனின் கால் எதைப் பழகியதோ அதைத்தான் நெருக்கடியில் செய்யும். ஏன் இந்த இடம், எந்த ஆபத்துக்கு இது பொருந்தாது என்று சொல்லாமல் நடத்தும் ஒத்திகை, ஒத்திகையே இல்லாமல் இருப்பதைவிடக் கேடானது என்று இந்த மையத்தைப் பற்றிப் படித்த பிறகு நான் நம்பத் தொடங்கினேன்.

‘எல்லோருக்கும் முன்னால் நீ கிளம்பு’ என்ற மூன்றாம் விதி தன்னலமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் லத்தானே, டார்லி என்ற இரு உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. கல்லூரி மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து ஏதோ படிவம் நிரப்பச் சொன்னார்கள். சுவரில் இருந்த துளை வழியாக அறைக்குள் புகை வரத் தொடங்கும். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். புகையைக் கண்டும் காணாததுபோல் இருக்க ஏற்பாடு செய்யப்பட்ட இருவர் பக்கத்தில் இருந்தபோது, எழுந்தவர்கள் 10 விழுக்காட்டினர்தான். மற்றவர்கள் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். மற்றவர் முகத்தில் பயம் தெரியவில்லை என்பதும், நான் மட்டும் எழுந்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமும் அவர்களை உட்காரவைத்திருக்கலாம். ஆகவே முதலில் எழுபவர் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்வதில்லை. மற்றவர்கள் எழ அனுமதி தருகிறார். உனொசுமாயில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கியது அப்படியொரு அனுமதிதான். பதின்ம வயதில் கூச்சம் மிகக் கடுமையானது. அந்த வயதில்தான் இந்தப் பயிற்சி வேண்டும்.

சுதந்திர சமூகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஜப்பானில் வெளியேறச் சொல்லும் அறிவிப்பை ஏற்காமல் வீட்டிலேயே இருப்பவருக்குத் தண்டனை கிடையாது. இணங்கவைக்கலாம், இழுத்துப்போக முடியாது. தவிர, மேலிடத்துச் சொல்லும் தவறலாம். அன்று நிலநடுக்கம் வந்த மூன்று நிமிடத்தில் வெளியான முதல் எச்சரிக்கை, கமாயிஷி இருக்கும் இவாத்தே கரைக்கு 3 மீட்டர் அலை என்றது. பின்னர் அது 6 மீட்டர் ஆனது, பிறகு 10 மீட்டருக்கு மேல் ஆனது. மின்சாரம் இல்லாத பல இடங்களில் மக்கள் கேட்டது முதல் எச்சரிக்கையை மட்டுமே. கமாயிஷி விரிகுடாவில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைத்தடுப்புச் சுவர் உலகிலேயே ஆழமானது என்று பெயர் பெற்றது. அதை அலை உடைத்தது. அறிவியலும் அரசும் தம்மால் ஆனதைச் செய்தன. அதற்கு அப்பால் மிஞ்சியது ஒரு பிள்ளையின் சொந்த அறிவு.

கீழ்ப்படிதலே தயார்நிலை என்று ஒரு சுதந்திர நாடு நினைத்தபோது என்ன ஆனது என்பதையும் பார்க்கவேண்டும். 1950களில் அமெரிக்கா அணுகுண்டுக்கு அஞ்சியது. பள்ளிகளில் பிள்ளைகளை மேசைக்கடியில் குனிந்து தலையை மூடச் சொன்னார்கள். அதற்கென ஆமை ஒன்று நடிக்கும் படமும் எடுத்தார்கள். நாடு தழுவிய ஒத்திகைகளில் சைரன் ஒலித்ததும் எல்லோரும் பதுங்கவேண்டும். நியூயார்க்கில் மறுத்தால் சிறைத்தண்டனை என்று சட்டமே இருந்தது. 1955இல் அமைதிப் போராளி டாரதி டே உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்டோர் நகர்மன்றப் பூங்காவில் பதுங்காமல் நின்று கைதானார்கள். 1960இல் நூற்றுக்கணக்கானோர் நின்றார்கள். கைக்குழந்தையோடு வந்த இளம் தாய்மாரும் மாணவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1961க்குப் பிறகு அந்த ஒத்திகைகள் நின்றுபோயின. மேசை அணுகுண்டைத் தாங்கும் என்று சொன்னதை அவர்கள் நம்பவில்லை. உண்மையை மறைத்துக் கட்டளையை மட்டும் கொடுத்தால் இளைஞர்கள் முதலில் விலகிப்போவார்கள். பிறகு, உண்மையான எச்சரிக்கை வரும் நாளிலும் நம்பமாட்டார்கள்.

இதைச் சொல்லும்போது, பொறுப்பையெல்லாம் பிள்ளைகள் தலையில் கட்டுகிறேனோ என்ற அச்சம் எனக்கு உண்டு. அதற்காகவே ஒகாவாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கமாயிஷிக்குத் தெற்கே, இஷினொமாகி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளி கிதகாமி ஆற்றின் கரையில், கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உள்ளே இருந்தது. பள்ளிக்குப் பின்னால் குன்று. அங்கே பிள்ளைகள் பாடத்தின் பகுதியாகக் காளான் வளர்த்திருக்கிறார்கள். ஏறத் தெரிந்த குன்றுதான். நிலநடுக்கத்துக்குப் பிறகு ஏறத்தாழ 50 நிமிடம் பிள்ளைகளை விளையாட்டுத் திடலில் நிறுத்திவைத்திருந்தார்கள். மலைக்கு ஓடலாம் என்று சில பிள்ளைகள் சொன்னதாகப் பிழைத்தவர்கள் கூறினார்கள். கடைசியில் ஆற்றுப் பாலத்தருகே உள்ள சற்று உயரமான இடத்தை நோக்கிக் கிளம்பினார்கள். அலை எதிரே வந்தது. பள்ளியில் படித்த 108 பேரில் 74 பேர் போய்விட்டார்கள். அங்கிருந்த ஆசிரியர்கள், பணியாளர்கள் 11 பேரில் 10 பேரும்.

பெற்றோர் சிலர் 2014இல் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் செந்தாய் உயர் நீதிமன்றம், தவறு அந்த 50 நிமிடத்தில் மட்டும் இல்லை, அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது என்றது. பள்ளியின் நெருக்கடிக் கையேட்டில் புகலிடம் என்று இருந்தது, காலி இடம் அல்லது பூங்கா என்ற பெயர் சொல்லாத குறிப்பு மட்டுமே. பள்ளியும் கல்வி வாரியமும் அதைத் திருத்தியிருக்க வேண்டும். வரைபடத்தில் ஆபத்தில்லை என்று இருந்தாலும் அது சரியா என்று அவர்களே ஆராய்ந்திருக்க வேண்டும். 2019இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்காததால் அந்தத் தீர்ப்பு உறுதியானது. கதாதா பிள்ளைகளிடம் சொன்னதையே நீதிமன்றம் நிறுவனங்களிடமும் சொல்லியிருக்கிறது: வரைபடத்தைக் கேள்வி கேள். பிள்ளைக்கு ஓட உரிமை வேண்டும். ஓடிப் போய்ச்சேர ஓர் இடத்தைப் பெரியவர்கள் முன்கூட்டியே கண்டுவைத்திருக்க வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் பேசுவது பிள்ளைகளைக் கைவிடுவதாகும்.

2004இல் தமிழ்நாடு இதன் இரு பக்கங்களையும் கண்டது. அந்த ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதையொட்டி எழுந்த பொதுநல வழக்கில், 2009 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையையும் உள்ளடக்கியது என்று தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நிலம் நடுங்கியபோது நம் மணி 6.29. நாகைக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கடல் உள்வாங்கியதைக் கண்ட பிள்ளைகள் பல ஊர்களில் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் எந்த எச்சரிக்கையும் அவர்களை எட்டவில்லை. சுமத்ராவுக்கு மிக அருகே உள்ள சிமெயுலுவே தீவில் எச்சரிக்கைக் கருவி எதுவும் இல்லை. ஆனால் 1907இல் வந்த அலையின் கதையைப் பாட்டிமார் ‘ஸ்மோங்’ என்ற ஒரே சொல்லில் பேரப்பிள்ளைகளுக்குக் கடத்தியிருந்தார்கள். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஒற்றை இலக்கத்தில்தான்.

நம் கரையிலும் ஓர் ஊர் இருந்தது. புதுச்சேரிக்கு அருகே உள்ள நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்றார்கள். உடனே எல்லோரையும் கிளப்பச் சொன்னார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்படுத்திய தகவல் மையம் பூட்டியிருந்தது. அதன் கதவை உடைத்து, உள்ளேயிருந்த ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. 3,600 பேர் அளவிலான ஊர் பிழைத்தது. அந்தக் கதவை உடைக்க அவர்கள் யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. நம் பள்ளிகளில் அந்தக் கதவைப் பாடமாக வைக்கவேண்டும் என்பது என் ஆசை.

பேரிடர் முடிந்த பிறகு இளைஞர்களை அழைக்க நமக்கு நன்றாகத் தெரியும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது யார் எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்று இணையத்தில் இரவு பகலாகப் பட்டியலிட்டவர்கள் மாணவர்கள். இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்தவர்களும் அவர்களே. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் இருக்கிறது, தேசிய மாணவர் படை 1948 முதல். அணிவகுப்பும் மரம் நடுதலும் குறையில்லாமல் நடக்கின்றன. தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார், எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் ஏறும், மின்பெட்டி எங்கே இருக்கிறது என்று மழைக்காலத்துக்கு முன்பே அவர்களைக் கணக்கெடுக்கச் சொல்லும் கல்லூரி அரிது. பள்ளியின் மாக் டிரில் நாளில் மணி அடிக்கிறது, வரிசை நகர்கிறது, புகைப்படம் எடுக்கிறார்கள். வழக்கமான படிக்கட்டை அடைத்துவிட்டு, இப்போது எந்த வழி என்று அந்தப் பிள்ளைகளையே கேட்டுப் பார்க்கலாம். ஒத்திகைக்குப் பிறகு, எது சரியில்லை என்று அவர்களை எழுதச் சொல்லி, எழுதியதைத் தலைமையாசிரியர் படித்துத் திருத்தவும் செய்யலாம். செலவு ஏதுமில்லை. ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை, “சார், இந்த வழி தப்பு” என்று சொன்னால் கோபப்படாத பெரியவர்கள் வேண்டும்.

உனொசுமாயில் அந்த இரு பள்ளிகளும் இருந்த நிலத்தில் இப்போது ஒரு ரக்பி மைதானம் இருக்கிறது. 2019 உலகக் கோப்பை ஆட்டம் அங்கே நடந்தது. பள்ளிகள் மேட்டுக்குப் போய்விட்டன. பேரிடருக்குப் பிறகு ‘கமாயிஷி அதிசயம்’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது. அன்று ஓடிய பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவர்களில் பலர் வீட்டில் இருந்தவர்களை இழந்திருந்தார்கள். தாங்கள் செய்தது கற்றதைத்தான் என்றும் சொன்னார்கள். உனொசுமாய் தொடக்கப் பள்ளியில் பணியிலிருந்த அலுவலர் ஒருவரும் அன்று திரும்பவில்லை. நகர நிர்வாகம் பின்னர் ‘அதிசயம்’ என்பதை விட்டுவிட்டு, ‘கமாயிஷி நிகழ்வு’ என்றே சொல்லத் தொடங்கியது.